தெலேசியாவும் பத்து நாள் மசோதாவும்

எங்கள் தீவு நாட்டின் தலைநகரான ஆப்பியாவில் வக்கீல்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஆனால் வங்கிகள் நான்கும் சேர்ந்து தங்களுக்கென ஒரு வக்கீல் தேடியபோது ஆள் கிடைக்கவில்லை. திறமைக் குறைவு காரணமல்ல. எல்லா வக்கீல்களுமே ஏதாவது ஒரு வங்கியில் கடன் வாங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரை வங்கிக்காக அமர்த்தியிருந்தால் அவர் முதல் வேலையாகத் தனக்கே நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்திருக்கும். கடன் இல்லாத வக்கீல் ஊரில் தெலேசியா ஒருத்திதான்.

இதைச் சிக்கனம் என்று நினைத்து வங்கிக்காரர்கள் அவளைப் பாராட்டினார்கள். உண்மை வேறு. அவளுக்கு சகாரியா என்று ஒரு தம்பி இருந்தான். குடும்பத் தலைவன் என்கிற பட்டம் அவன் தலையில் இருந்தது. கல்யாணம், சாவு, பட்டமேற்பு, சர்ச் திறப்பு என்று எது வந்தாலும் கடன் வாங்குகிறவன் அவன். சபையில் முதல் மரியாதையாக வரும் மெல்லிய பாய்களை மடியில் வாங்கிக்கொள்கிறவள் அவள். எங்கள் வழக்கத்தில் மரியாதை சகோதரிக்கு, செலவு சகோதரனுக்கு. ஆகையால் கடன் முழுவதும் தம்பி பேரில் போய், அக்காள் பேர் சுத்தமாக இருந்தது.

நானும் அவளும் ஒரே கான்வென்டில் படித்தவர்கள். பிற்பாடு அவளுடைய அலுவலகத்திலேயே கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளியிலேயே அவள் வக்கீல்தான். ஒருநாள் தாமதமாக வந்ததற்கு அபராதம் போட்டபோது, மணியடித்த பிறகு வந்தால்தான் அபராதம் என்று விதி இருக்கிறது, பள்ளி மணியின் நாக்கு போன மாதமே கழன்று விழுந்துவிட்டது, அடிக்காத மணிக்குப் பிறகு யாரும் வர முடியாது என்று கன்னியாஸ்திரீயிடம் வாதாடினாள். அபராதத்தை ரத்து செய்து, அதிகப்பிரசங்கித்தனத்துக்காகப் புல் வெட்டச் சொன்னார்கள். வெட்டிக்கொண்டே அதுவும் விதியில் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெலிங்டனில் சட்டம் படித்துவிட்டு வந்து, லோமே என்கிற ரொட்டிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். லோமே விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டப் போய்விடுவார். சூரியன் சாய்ந்தால் தூங்கிவிடுவார். அவள் பேசுவதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று. அந்தப் பேச்சு அவ்வளவும் நீதிமன்றத்துக்கு மிச்சமானது என்று லோமேயே சொல்வார்.

வங்கிகளுக்கு அவள் செய்த வேலை கடன்காரர்களைத் துரத்துவது அல்ல. அரசாங்கம் வங்கிகளைப் பற்றிச் சட்டம் கொண்டுவரும் போதெல்லாம் மசோதாவை வரி வரியாகப் படித்து, இது ஆகும், இது ஆகாது என்று எழுதி, பாராளுமன்றக் குழுவின் முன்னால் போய் வங்கிகள் சார்பில் பேசுவதுதான் அவள் வேலை. ஊருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. சந்தையில் அவளுக்கு ‘பேங்க்’ என்றே பெயர். மீன் விற்கிற அம்மாள் மற்றவர்களுக்கு ஒரு விலையும் இவளுக்கு ஒரு விலையும் சொல்வாள். ஏன் என்று கேட்டால், “உனக்கென்னம்மா, பேங்க் கட்டும்” என்பாள். தெலேசியா அரைமணி நேரம் வாதாடுவாள். கடைசியில் அந்த விலையைக் கொடுத்துதான் வாங்குவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சகாரியா தேர்தலில் நின்று ஜெயித்தான். சட்டங்களை ஆராயும் குழுவுக்குத் தலைவனாகவும் ஆனான். அதே வருடம் அவன் மாமனார் இறந்தார், மைத்துனிக்குக் கல்யாணம் நடந்தது, ஊர் சர்ச்சுக்குப் புதுக் கூரை போட்டார்கள். மூன்றுக்கும் மூன்று கடன். சம்பளம் வங்கிக்கு வரும். வந்த வழியே வங்கிக்குள்ளேயே போய்விடும். பெட்ரோலுக்குக் கூட மனைவியிடம் கேட்கும் நிலை வந்தபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவன் எழுந்து நின்றான். இனிமேல் நல்லது கெட்டதுக்குக் கடன் வாங்க மாட்டேன், மற்றவர்களும் வாங்காதபடி சட்டம் கொண்டுவருவேன் என்று சபையின் முன்னால் சொன்னான். போதகருக்கு முகம் சற்றே வாடியது. கூரைக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.

அப்படி வந்ததுதான் பத்து நாள் மசோதா. குடும்ப விசேஷத்துக்கு என்று ஒருவன் கடன் கேட்டால், கேட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் வங்கி கொடுக்கலாம். அதற்குள் சபையில் ஏறிய கௌரவச் சூடு தணிந்து, பாதிப் பேர் வேண்டாம் என்று திரும்பிவிடுவார்கள் என்பது சகாரியாவின் கணக்கு.

வங்கிகள் உடனே கூட்டம் போட்டன. அவர்கள் கொடுக்கும் கடனில் பாதிக்குமேல் விசேஷக் கடன்தான். வங்கிகள் சங்கத்துக்கு அப்போது ஹாமிஷ் என்று ஒருவர் தலைவர். குளிர் ஊரான டுனெடினிலிருந்து வந்து ஆறு வருடமாகியும் வெயிலில் மூக்கு சிவந்து உரிவது நிற்காத மனிதர். அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, குழுத் தலைவர் உங்கள் தம்பியாமே, இது நமக்கு நல்லதா கெட்டதா என்று தயக்கத்தோடு கேட்டார்.

“சொந்தக்காரன் இல்லாத கமிட்டி வேணும்னா உங்க ஊர்லேர்ந்துதான் ஆள் கொண்டுவரணும்,” என்றாள் தெலேசியா. “அவன் எனக்கு சாதகமா ஒரு வார்த்தை பேச மாட்டான். ஆனா எதிர்த்தும் பேச மாட்டான்.”

ஹாமிஷ் இரண்டாவது பாதியை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

விசாரணை பாராளுமன்றம் இருக்கும் முலினூவில் நடந்தது. சாட்சிக்கு இருபது நிமிடம் என்று கணக்கு. நேரம் முடிந்தால் தலைவர் மேஜைமேலிருக்கும் மணியை அடிக்க வேண்டும். தெலேசியா விசிறியும் கையுமாக எழுந்து, “மாண்புமிகு தலைவர் அவர்களே” என்று ஆரம்பித்தாள். “சொல்லுங்க அக்கா” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, “வக்கீல் அவர்களே” என்று திருத்திக்கொண்டான் சகாரியா. அதற்கப்புறம் அவன் பார்வை கூரையில் சுற்றும் மின்விசிறியைவிட்டு இறங்கவில்லை.

அவள் வாதம் சுருக்கமானதுதான். சொன்ன விதம்தான் நீளம். கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம். பட்டமேற்பைத் தள்ளிப் போடலாம். சாவைத் தள்ளிப் போட முடியுமா? பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு பத்து நாள் காத்திருங்கள் என்று சொல்ல எந்தச் சட்டத்துக்கு மனம் வரும்? வங்கி கொடுக்காவிட்டால் கந்துவட்டிக்காரன் கொடுப்பான். அவனுக்கு மசோதாவும் கிடையாது, மணியும் கிடையாது. இருபது நிமிடம் தாண்டியது. நாற்பதும் தாண்டியது. சகாரியாவின் கை மணியருகில் போகும், திரும்பி வந்துவிடும். அக்காளின் பேச்சை மணியடித்து நிறுத்திய தம்பி என்று பெயர் வாங்கினால், பிறகு அவன் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. அக்காள் மனம் நொந்து ஒரு வார்த்தை விட்டால் ஏழு தலைமுறைக்கு விளங்காது என்பார்கள். வெளியே சாட்சி சொல்லக் காத்திருந்த மாதர் சங்கத்தார் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்துவிட்டார்கள்.

குழுவில் கொலோனே என்று ஒரு உறுப்பினர், சவாயி தீவுக்காரர். பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மசோதாவுக்கு ஆதரவானவர். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கனைத்தார்.

“தலைவரே, மணி.”

சகாரியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். “பதினொன்னேகால்,” என்றான்.

மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் இதுதான். கொலோனே விடவில்லை. சபாநாயகரிடம் போய், சாட்சியைக் கேள்வி கேட்க முடியாத தலைவர் எதற்கு என்று முறையிட்டார். சபாநாயகர் யோசித்துப் பார்த்தார். சொந்தம் என்ற காரணத்துக்காக ஒரு தலைவரை நீக்க ஆரம்பித்தால் பாராளுமன்றத்தில் நாற்காலி மட்டும்தான் மிஞ்சும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஒரு வழி சொன்னார்: தெலேசியா பேசும் நேரத்துக்கு மட்டும் கொலோனே தலைமை வகிப்பார்; சகாரியா அறைக்கு வெளியே இருப்பான்.

சகாரியா வெளியே போனான். ஆனால் தூரமாகப் போகவில்லை. குழு அறைக்குக் கண்ணாடிப் பட்டை ஜன்னல்கள். அதை ஒட்டி ஒரு ஈரப்பலா மரம். அதன் அடியில் நின்றுகொண்டு, கேட்க வேண்டிய கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஜன்னல் இடுக்கு வழியாகத் தள்ளினான். கொலோனே அதை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தனக்கே அப்போதுதான் தோன்றியது போலக் கேட்டார். விசேஷக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் வட்டியில் ஏன் இத்தனை வித்தியாசம்? ஒரு சாவுக்கு வாங்கிய கடனை அடைப்பதற்குள் அடுத்த சாவு வந்துவிட்டால் வங்கிக்குச் சந்தோஷம்தானே?

தெலேசியாவுக்குக் கேள்வியின் குரல் தெரியாதா? சின்ன வயதில் மாங்காய்ப் பங்கு பிரிக்கும்போதே அவள் கேட்ட குரல். அவள் கொலோனேயைப் பார்க்கவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“நல்ல கேள்வி,” என்றாள். “மரத்தடியில நிக்கிற உறுப்பினருக்கும் காதுல விழுற மாதிரியே பதில் சொல்லிடறேன். வட்டி வித்தியாசம் எதுக்குன்னா, வீட்டுக்கடன் வாங்கினவன் ஒழுங்கா கட்டறான். விசேஷக் கடன் வாங்கினவங்கதான் பெட்ரோலுக்கே பொண்டாட்டிகிட்ட கை நீட்டறாங்க.”

பிறகு சீட்டு வருவது நின்றுவிட்டது.

இந்த நிலையில்தான் சாமுவேலு மாமா இறந்துபோனார். தெலேசியா, சகாரியா இருவரின் தாய்க்கு மூத்த அண்ணன். சவாயியிலிருந்து ஆப்பியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்; ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கஞ்சி சூடாக இல்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். பொறுமை என்பதை அறியாத மனிதர். தீவுக்குப் போகும் படகு ஐந்து நிமிடம் தாமதமானால் காப்டனைப் பேர் சொல்லித் திட்டுவார்.

சகாரியா வீட்டில் சொந்தபந்தம் கூடியது. பெரிய மாமா; சின்னதாகச் செய்ய முடியாது. பன்றிகள், உப்புக்கண்டப் பீப்பாய்கள், டின் மீன் பெட்டிகள், போதகர்களுக்குப் பணம் வைத்த உறை, வருகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் மரியாதை. கூட்டம் வழக்கம்போல் சகாரியாவைப் பார்த்தது. அவன் பாயைப் பார்த்தான். கடன் வாங்குவதில்லை என்று சர்ச்சில் சொல்லியாகிவிட்டது. சொல்லாவிட்டாலும் அவனுக்கு எந்த வங்கியும் கொடுக்கப் போவதில்லை. கூட்டம் மெதுவாகத் தெலேசியா பக்கம் திரும்பியது. சித்தப்பா முறையாகும் ஒருவர்தான் வாய்விட்டுச் சொன்னார்.

“பேங்கே நம்ம வீட்டுல உக்காந்திருக்கு. நாம என்னத்துக்குக் கவலைப்படணும்?”

வாழ்நாளில் முதல் தடவையாகத் தெலேசியா கடன் கேட்கப் போனாள். நானும் கூடப் போனேன். ஹாமிஷ் எழுந்து நின்று துக்கம் விசாரித்தார், நாற்காலி போட்டார், காப்பி வரவழைத்தார். தொகையைச் சொன்னதும் அவர் முகம் மூக்கின் நிறத்துக்கு வந்தது.

விஷயம் இதுதான். மசோதா வந்த புதிதில், வங்கிகள் கடன் கொடுத்துப் பாராளுமன்றக்காரர்களை வளைக்கின்றன என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒரு விதி செய்திருந்தார்கள். மசோதா முடியும்வரை, அதை விசாரிக்கும் உறுப்பினர்களுக்கோ, அவர்களுடைய குடும்பத்தாருக்கோ, மசோதா குறித்து வங்கிக்காகப் பேசுகிறவர்களுக்கோ நான்கு வங்கிகளில் எதுவும் புதுக் கடன் தரக் கூடாது. முதல் வகை நீங்கலாக மற்ற இரண்டிலும் தெலேசியா வந்தாள்.

விதியை எடுத்துக் காட்டச் சொன்னாள். காட்டினார். ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்தாள். ‘குடும்பத்தார்’ என்பதற்குத் தனியாக ஒரு விளக்கம் இருந்தது. அதில் தாய்மாமன் வழி, தத்து எடுத்தவர்கள், பட்டத்தால் உறவானவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை.

“யார் எழுதினது இது?” என்றாள்.

“நீங்கதான்,” என்றார் ஹாமிஷ்.

“நல்லாத்தான் எழுதியிருக்கேன்,” என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்து முடித்துதான் எழுந்தாள். வெளியே வந்ததும் காரில் உட்கார்ந்து, இந்த ஊரிலேயே தான் எழுதியதில் மட்டும்தான் ஓட்டை இருக்காது, அதுதான் தன் தலையெழுத்து என்று என்னிடம் சொன்னாள். கோபமா பெருமையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வேறு வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாமுவேலு மாமாவுக்கு ஆக்லாந்தில் மூன்று பிள்ளைகள், மெல்போர்னில் இரண்டு. அவர்கள் விடுப்பு எடுத்து, டிக்கெட் எடுத்து, அங்கங்கே இருக்கும் சர்ச் ஆட்களிடம் வசூல் செய்து கொண்டுவந்தால்தான் ஆகும். அதுவரை மாமா ஆஸ்பத்திரிக் குளிரறையில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. உயிரோடிருந்தபோது கஞ்சிக்குக் காத்திருக்காத மனிதர் பதினான்கு நாள் ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தார். அப்புறம் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். படகில் கொண்டுபோய், ஊரே மெச்சும்படி அடக்கம் செய்தோம். கொலோனேயும் வந்திருந்தார், பக்கத்து ஊர்க்காரர் அல்லவா? முறைப்படி ஒரு பாய் கொண்டுவந்து வைத்தார். கிளம்பும்போது ஒரு பீப்பாயும் பன்றியின் முதுகுப் பகுதியும் வாங்கிக்கொண்டு, நல்ல சாவு என்று மனதாரச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்த வாரம் விசாரணை மறுபடியும் கூடியது. தெலேசியா எழுந்து, சென்ற தடவை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். கொலோனே கையை உயர்த்தினார். சீட்டு எதுவும் வரவில்லை. இது அவருடைய சொந்தக் கேள்வி.

“சாவு காத்திருக்காதுன்னு சொன்னீங்க. சரி. உங்க சாமுவேலு மாமா குளிரறையில எத்தனை நாள் இருந்தாரு?”

அறையில் எல்லார் கையிலும் விசிறிகள் நின்றுவிட்டன. பின்வரிசை மாதர் சங்கத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். தெலேசியாவை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் அவள் நின்றதை அன்றுதான் பார்த்தேன். அவள் முகம் காதுவரை சிவந்துபோயிற்று.

அப்போது கதவு திறந்தது. சகாரியா உள்ளே வந்தான். மழைத் தூறலில் சட்டை நனைந்திருந்தது. தலைமுடியில் ஒரு பலா இலைத் துணுக்கு. நேரே தலைவர் மேஜைக்குப் போனான்.

“அந்தக் கேள்வி செல்லாது,” என்றான்.

கொலோனே அசரவில்லை. “இப்ப நான் தலைவர். நீங்க வெளியில இருக்கீங்க.”

“உள்ள வந்துட்டேன்.”

“யோவ், உங்க மசோதாவுக்குத்தான்யா நான் பேசிட்டிருக்கேன்.”

“மசோதா என்னுதுதான். அக்காவும் என் அக்காதான்,” என்றான் சகாரியா. “எங்க வீட்டுச் சாவுல வந்து கறி வாங்கிட்டுப் போனவரு, அதையே எடுத்து எங்கக்கா மூஞ்சில வீசுவீங்க, நான் மரத்தடியில நின்னு வேடிக்கை பாக்கணுமா? கேள்வியைக் குறிப்புலேர்ந்து எடுங்க.”

சொல்லிவிட்டு மணியை அடித்தான். அந்தக் குழு ஆரம்பித்ததிலிருந்து அந்த மணி அடித்தது அன்றைக்குத்தான். கூட்டம் கலைந்தது. மசோதாவுக்கு ஆதரவாக அதுவரை கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வியை, மசோதாவைக் கொண்டுவந்தவனே அழித்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

திரும்பி வரும்போது காரில் தெலேசியா சொன்னாள்.

“கொலோனே கேட்டது நல்ல கேள்வி. நான் அந்தப் பக்கம் இருந்தா அதைத்தான் முதல்ல கேட்டிருப்பேன்.”

சகாரியாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை லோமேயின் கடையிலிருந்து தேங்காய்ப்பால் பன் ஒரு பெரிய தட்டு நிறைய அவன் வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியும். கொண்டுபோய்க் கொடுத்தவளே நான்தான். அவன் தட்டை வாங்கிக்கொண்டு, அக்கா கோபமாக இருக்கிறாளா என்று கேட்டான். இல்லை என்றேன். அப்படியானால் மசோதாவை எதிர்ப்பதை விட்டுவிடுவாளா என்றான். அதுவும் இல்லை என்றேன். ஒரு பன்னை எடுத்துக் கடித்தபடி உள்ளே போனான்.

மறுநாள் அவள் ஹாமிஷைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். இனி முழு மசோதாவையும் எதிர்ப்பது அபத்தம் என்றாள். கல்யாணம், பட்டமேற்பு, சர்ச் விஷயங்களுக்குப் பத்து நாள் காத்திருப்பை வங்கிகள் ஒப்புக்கொள்ள வேண்டும். சாவுக்கு மட்டும் விலக்குக் கேட்போம். எங்கள் மாமா பதினான்கு நாள் காத்திருந்தார், உண்மை. ஆக்லாந்தில் பிள்ளைகள் இருந்ததால் காத்திருந்தார். பிள்ளைகள் இல்லாதவன் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? ஹாமிஷ் கல்யாணக் கடன்களின் கணக்கை நினைத்துப் பெருமூச்சு விட்டார். இரண்டு மணி நேரம் அவள் பேசியதைக் கேட்டபிறகு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் அந்த அறையைவிட்டு வெளியே போக முடியாது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

குழுவுக்குக் கொடுத்த புதிய மனுவில், நீக்கப்பட்ட கேள்விக்கும் பதிலை அவளே எழுதிச் சேர்த்திருந்தாள். பதினான்கு நாள் என்று. கொலோனே அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று தலைவணங்கினார். சகாரியாவும் அந்த விலக்கைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டான். சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. அக்காளும் தம்பியும் ஒரே பக்கத்தில் இருந்து போட்ட முதல் சட்டம் என்று பத்திரிகை எழுதியது.

அதற்குப் பிறகு ஜனங்கள் சாக ஆரம்பித்தார்கள்.

முதல் மாதத்திலேயே வங்கிகளில் கல்யாணக் கடன் கேட்டு ஒருவரும் வரவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் சாவு என்றார்கள். ஒருத்தர் மணமகளின் உடைக்கு அளவெடுத்த சீட்டோடு வந்து, பெரியப்பா போய்விட்டார் என்றார். பட்டமேற்புக்கு நாள் குறித்த ஒரு குடும்பம், பட்டத்தின் முந்தைய சொந்தக்காரர் இறந்த துக்கத்துக்கு என்று கேட்டது. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. துக்கம் இன்னும் ஆறவில்லையாம். லெவுலுமோவாகா ஊர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் தன் தகப்பனாரை மூன்று வங்கிகளில் மூன்று தடவை அடக்கம் செய்தார். நான்காவது வங்கிக்கு அவரைத் தகப்பனாரே காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

சட்டத்தில் ஓட்டை இருக்காது என்று பெருமைப்பட்டவள் தெலேசியா. அவளே போட்ட ஓட்டை வழியாகத் தீவே புகுந்து போய்க்கொண்டிருந்தது. சகாரியா கூப்பிட்டு, “என்னக்கா இது, உயிரோட இருக்கிறவன் யாருமே கடன் வாங்கறதில்லையா?” என்று கேட்டான். அக்காளை எதிர்த்துப் பேசியது ஆகாதபடி, கேள்வியாகவே கேட்டான்.

அவள் யோசித்து ஒரு வழி சொன்னாள். சாவுக் கடன் கேட்டால், வங்கி ஊழியர் ஒருவர் நேரில் போய்த் துக்க வீட்டைப் பார்த்துவிட்டு வரட்டும். சட்டத்தைத் தொட வேண்டாம். வங்கிகளே விதியாக வைத்துக்கொள்ளலாம். ஹாமிஷுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மறுவாரமே ஊழியர்கள் கிளம்பினார்கள்.

இதில் ஒரு சங்கதி ஹாமிஷுக்கு உறைக்கவில்லை. துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற மனிதப் பிறவி எங்கள் நாட்டில் கிடையாது. வங்கியிலிருந்து வந்திருக்கிறேன் என்று ஒருவன் வாசலில் நின்றால், வங்கி என்ன கொண்டுவந்திருக்கிறது என்று சபை பார்க்கும். முதலில் போன ஊழியன் அவமானம் தாங்காமல் சொந்தக் காசில் டின் மீன் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து அழுதான். அப்புறம் வங்கியே அதற்கென ஒரு தொகை ஒதுக்கியது. வங்கி கொண்டுபோய் வைத்தால் துக்க வீட்டார் சும்மா விடுவார்களா? பெரிய இடத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்று பதில் மரியாதையாக மெல்லிய பாய்களை விரித்து, சபை முழுக்கக் கேட்கும்படி கூவி, கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வருடத்தில் ஹாமிஷின் வங்கியில் பணம் வைக்கும் அறைக்குப் பக்கத்து அறை கூரைவரை பாயால் நிறைந்தது.

வருடக் கணக்கைத் தணிக்கை செய்ய ஆக்லாந்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இது என்ன என்றார்கள். ஹாமிஷ் எங்கள் அலுவலகத்துக்கு ஓடிவந்தார்.

“தெலேசியா, இதை நான் எங்க காட்டறது? பணமா, சாமானா, இல்ல கடனா?”

அவள் அதற்கு ஒன்பது பக்கத்தில் சட்ட ஆலோசனை எழுதிக் கொடுத்தாள். பாயின் மதிப்பு அதன் நீள அகலத்தில் இல்லை. யார் யாருக்கு எந்தச் சாவில் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் திருப்பிக் கொடுக்காமலும் இருக்க முடியாது. ஆகையால் அது சொத்து, அதே சமயம் பொறுப்பு. தணிக்கைக்காரர்கள் இருவரும் அதை மாறி மாறிப் படித்துவிட்டு, ‘இதர சொத்துக்கள்’ என்று போடச் சம்மதித்தார்கள். எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம் என்று அறையைத் திறக்கச் சொன்னார்கள்.

எண்ணிக்கையில் இரண்டு குறைந்தது. ஹாமிஷ் கையைப் பிசைந்தார். அன்று காலை கொலோனேயின் மாமியார் காலமாகிவிட்டதாகவும், வங்கி சார்பில் இரண்டு பாய் எடுத்துக்கொண்டு தெலேசியாவும் சகாரியாவும் முதல் படகிலேயே போய்விட்டதாகவும், எண்ணும்போது கூட இருந்த நான்தான் சொன்னேன்.